வரும் உலகமும் இறை அண்மையும்: யூத மரபில் எந்த வழியைப் பற்றுவது?

யூத சமயத்தை ஊன்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் இறந்தபின் என்ன என்ற கேள்விக்கு வந்ததும் திகைத்துப்போவார்கள். ஒரே விடை அங்கே கிடைக்காது. மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்பது தோராவின், அதாவது மோசேயின் வேதத்தின், போதனை அல்ல என்று சொல்கிறவருக்கு வரும் உலகில் பங்கு இல்லை என, ரபிகள் என்ற யூத ஆசான்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சன்ஹெட்ரின் பகுதி கறாராகச் சொல்கிறது. ஆனால் எழுந்தவர்கள் மறுபடி இறப்பார்களா, அதுவரை ஆன்மா எங்கே இருக்கும், வரும் உலகம் என்பது சாவுக்கு அடுத்த கணமா அல்லது வரலாற்றின் கடைசிக் கட்டமா என்பவற்றையெல்லாம் பிற்கால அறிஞர்களின் வாதத்துக்கு விட்டுவிட்டது. அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தாயையோ தந்தையையோ இழந்து துக்கம் காக்கும் யூதர், இடைக்கால அறிஞர்கள் இருவரில் மைமோனிடிஸ் சொல்வதை நம்புவதா, நக்மானிடிஸ் சொல்வதை நம்புவதா என்று கேட்கத்தான் செய்கிறார். சமயங்களை ஒப்பிட்டுப் படிக்கும் தமிழ் வாசகர் எந்த ஆசிரியரோடு உள்ளே நுழைவது என்று கேட்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில் அளவுகோல். சாவுக்குப் பின் ஒவ்வொரு கொள்கையும் என்ன தருவதாகச் சொல்கிறது என்பதை வைத்து எடைபோட முடியாது. போய்ப் பார்த்துத் திரும்பியவர் யாருமில்லை. சாவுக்கு முன் எந்த இறை அண்மையை அது கைக்கெட்டும்படி வைக்கிறது, யாருக்கு எட்டும்படி வைக்கிறது என்று பார்க்கலாம். இந்த அளவுகோலுக்கு அந்த மரபிலேயே வேர் இருக்கிறது. பிர்கே ஆவோத் என்ற நீதித் தொகுப்பில் ரபி யாக்கோபு இரண்டு கூற்றுகளை அடுத்தடுத்து வைக்கிறார். இவ்வுலகில் மனந்திரும்புதலிலும் நற்செயலிலும் கழியும் ஒரு மணிநேரம், வரும் உலகின் வாழ்வு முழுவதையும்விடச் சிறந்தது. வரும் உலகில் கிடைக்கும் ஒரு மணிநேர நிறைவு, இவ்வுலக வாழ்வு முழுவதையும்விடச் சிறந்தது. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யவில்லை. இன்பம் அங்கே அதிகம். ஆனால் இறைவனுக்காக ஒன்றைச் செய்யும் வாய்ப்பு இங்கே மட்டும்தான்.

எபிரேய வேதத்தின் பழைய அடுக்கில் மறுமை மங்கலாகவே இருக்கிறது. இறந்தவர்கள் ஷெயோல் என்ற கீழுலகில் இறங்குகிறார்கள். அங்கே நல்லவர், கெட்டவர் என்ற பிரிவினைகூடத் தெளிவாக இல்லை. மரித்தவர்கள் கர்த்தரைத் துதிப்பதில்லை என்று 115ஆம் சங்கீதம் வெளிப்படையாகச் சொல்கிறது. மண்ணின் தூளில் உறங்குகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்ற தெளிவான குரல் தானியேல் நூலின் 12ஆம் அதிகாரத்தில்தான் கேட்கிறது. ஆனால் 73ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். கெட்டவர்கள் கொழுத்துச் செழிப்பதைக் கண்டு பொருமிய ஒருவரின் பாட்டு அது. இந்தக் கணக்கு சாவுக்குப் பிறகு சரிசெய்யப்படும் என்ற ஆறுதலோடு அவர் முடித்திருக்கலாம். அவர் போய்ச் சேரும் இடம் வேறு: எனக்கோ தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம். பரிசு எங்கே என்று கேட்டுத் தொடங்கியவருக்கு அண்மையே பரிசாகிவிடுகிறது. பின்னால் வந்த அத்தனை வழிகளையும் இந்த ஒரு வரியின் உரைகளாகவே நான் படிக்கிறேன்.

எருசலேமின் இரண்டாம் கோவில் காலத்தில் இருந்த யூதப் பிரிவுகளில் பரிசேயர்கள் உயிர்த்தெழுதலை ஏற்றார்கள். சதுசேயர்கள் ஆன்மா உடலோடு அழிந்துவிடும் என்றார்கள். கி.பி. 70இல் கோவில் அழிந்த பிறகு ரபிகளின் வழியாகப் பரிசேயர் நம்பிக்கையே நிலைத்தது. மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த ராவ் என்ற அறிஞரின் கூற்று, ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் இருக்கிறது: வரும் உலகில் உண்பதும் குடிப்பதும் இல்லை, மக்கட்பேறு இல்லை, வாணிகம் இல்லை, பொறாமையும் பகையும் போட்டியும் இல்லை, நீதிமான்கள் தலையில் மகுடத்தோடு அமர்ந்து ஷெகினாவின், அதாவது இறைப் பிரசன்னத்தின், ஒளியில் திளைக்கிறார்கள். இடைக்காலப் பேராசான்கள் இருவரும் இதே கூற்றை எடுத்துக்கொண்டு நேரெதிர்த் திசைகளில் போனார்கள்.

மைமோனிடிஸ் கோர்தோபாவில் பிறந்து, எகிப்தின் புஸ்தாத்தில் 1204இல் மறைந்தவர்; மருத்துவர், சட்ட அறிஞர், தத்துவவாதி. உண்பதும் குடிப்பதும் இல்லையென்றால் உடலுக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் கேள்வி. வரும் உலகம் உடலற்றது. மகுடம் என்பது ஆன்மா ஈட்டிய அறிவு. உயிர்த்தெழுதலைத் தம் பதின்மூன்று கோட்பாடுகளில் கடைசியாக அவரே சேர்த்தவர்தான். ஆனால் எழுந்தவர்கள் நெடுங்காலம் வாழ்ந்து மறுபடி இறப்பார்கள், அதன்பின் உடலற்ற நிலையே நிலையானது என்றார். பிரோவென்சைச் சேர்ந்த ராவாத் என்ற அறிஞர் உடனே ஓரக்குறிப்பு எழுதினார்: உடலுக்கு உயிர்த்தெழுதல் இல்லை, ஆன்மாவுக்கு மட்டுமே உண்டு என்பவர்களின் பேச்சுக்கு நெருங்கியதாகவே இவர் பேச்சு தெரிகிறது என்று. கண்டனங்கள் பெருகியதால் 1191இல் மைமோனிடிஸ் உயிர்த்தெழுதல் பற்றித் தனி நூலே எழுதித் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இவருடைய வழியின் பெரும் வலிமை, பரிசு எதிர்பார்க்கும் பக்தியை அது விட்டுவைக்காதது. சிறுவனைப் படிக்க வைக்க முதலில் கொட்டையும் அத்திப்பழமும் தருகிறோம், வளர்ந்தபின் நல்ல செருப்பும் உடையும், பிறகு பணம், பிறகு பதவியும் புகழும். இவையெல்லாம் இழிவுதான், மனிதரின் சிறுமையால் தேவைப்படுகின்றன என்று மிஷ்னாவுக்குத் தாம் எழுதிய உரையில் சொல்கிறார். சொர்க்கத்துக்காகத் தோரா படிப்பவரும் அவருக்கு அந்தச் சிறுவனே. உண்மையை உண்மைக்காகவே நாடுவதுதான் முதிர்ச்சி.

பலவீனமும் இதே இடத்தில்தான். குழம்பியோர் வழிகாட்டி என்ற தம் தத்துவ நூலின் கடைசிப் பகுதியில் அவர் ஓர் அரண்மனையைக் காட்டுகிறார். அரசர் உள்ளே இருக்கிறார். குடிகளில் சிலர் நகருக்கு வெளியே, சிலர் அரண்மனைக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள், சிலர் அதை நாடி நடக்கிறார்கள். சட்ட நூல்களை மட்டும் படிக்கும் அறிஞர்கள் மதிலைச் சுற்றிச் சுற்றி வாசலைத் தேடுகிறார்கள். இயற்கையையும் இறையியலையும் கற்றுத் தேர்ந்தவர்களே உள்ளே அரசர் அருகில் போகிறார்கள். அப்படியானால் விளக்கேற்றி, ஓய்வுநாள் காத்து, பசித்தவருக்குச் சோறிட்ட எழுத்தறியாத பாட்டி எங்கே நிற்கிறாள்? அவருடைய விடை எனக்கு நிறைவு தரவில்லை.

ஆனாலும் அவரை உலர்ந்த அறிவுவாதி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவருடைய தம்பி தாவீது வணிகத்துக்காகப் பயணப்பட்டு இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். மைமோனிடிஸ் ஏறத்தாழ ஓராண்டு படுக்கையில் கிடந்தார். ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதத்திலும் அந்தத் துயரம் ஆறவில்லை. தோராவும் அறிவியலும் இல்லாவிட்டால் அந்தத் துன்பத்தில் அழிந்திருப்பேன் என்கிறார். அறிவே இறைவனுக்கு அருகில் வைக்கிறது என்பதை அவர் வாழ்ந்தும் பார்த்தவர். அதே அரண்மனை அத்தியாயத்தின் முடிவில் மோசேயும் ஆரோனும் மிரியாமும் இறைவனின் முத்தத்தால் இறந்தார்கள் என்ற மரபுக் கூற்றை எடுத்து, அது அளவுகடந்த அன்பின் இன்பத்தில் நிகழ்ந்த பிரிவு என்கிறார்.

நக்மானிடிஸ் அடுத்த தலைமுறை. ஜிரோனாவில் பிறந்தவர், 1263இல் பார்சலோனாவில் அரசர் முன்னிலையில் கிறித்தவத் துறவியோடு நடந்த பகிரங்க வாதத்தில் யூதர் தரப்பில் நின்றவர், முதிய வயதில் இஸ்ரவேல் நாட்டுக்குப் போய் அங்கேயே மறைந்தவர். அவருடைய வரிசையில் சாவுக்குப் பின் முதலில் ஆன்மாக்களின் உலகம், பிறகு வரவிருக்கும் மீட்பரான மெசியாவின் நாட்கள், பிறகு உயிர்த்தெழுதல், அதன்பின் வருவதே வரும் உலகம். அங்கே உடலும் உண்டு, அது மறுபடி இறக்காது. உணவில்லாமல் உடல் எப்படி வாழும் என்றால், மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் உண்ணாமல் இருந்ததை நினைவூட்டுகிறார். ஆன்மாவின் ஆற்றலில் உடலும் நுண்மை அடைந்துவிடும்.

தத்துவப் பார்வையில் இது மைமோனிடிஸின் கட்டமைப்பைவிடக் கரடுமுரடானது. ஆனால் எந்த நூலில் இதை எழுதினார் என்று பாருங்கள். நோயாளியைப் பார்க்கப் போவது, மரணப்படுக்கை, உடலைக் கழுவி அடக்கம் செய்வது, அழுவது, துக்கம் காப்பது ஆகியவற்றின் சட்டங்களைத் தொகுத்த நூலின் கடைசிப் பகுதியாக இதை வைத்திருக்கிறார். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சாவை ஏற்கச் சொல்லும் தத்துவங்களை அதன் முன்னுரையிலேயே மறுக்கிறார். மனிதன் வாழ்வதற்காகப் படைக்கப்பட்டவன், அழுவது நியாயம் என்கிறார். நாம் கழுவி, துணி சுற்றி, மண்ணில் வைக்கும் இந்த உடலையே இறைவன் கைவிடுவதில்லை என்று சொல்லும் கொள்கை அது. நேற்று அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவரிடம், உடல் வெறும் கூடு, அறிவுதான் மிஞ்சும் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வராது.

இந்த இருவரும் எங்கே ஒன்றுபடுகிறார்கள் என்பது அவர்களின் பிணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாயால் மனிதர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளம் இறைவன் முன்னால் இருக்கும் நிலை ஒன்று உண்டு என்று இருவரும் எழுதுகிறார்கள்; மைமோனிடிஸ் அந்த அரண்மனை அத்தியாயத்தில், நக்மானிடிஸ் உபாகமம் 11ஆம் அதிகார உரையில். அப்படிப்பட்டவர்களின் உயிர் வாழும்போதே ஜீவக்கட்டிலே, அதாவது இறைவன் காக்கும் உயிர்களின் முடிச்சிலே, கட்டப்பட்டிருக்கலாம் என்றுகூட நக்மானிடிஸ் சொல்கிறார். யூதக் கல்லறைகளில் பொறிக்கப்படும் அந்தத் தொடர், அபிகாயில் தாவீதை வாழ்த்தியபோது சொன்னது; உயிரோடிருந்தவருக்குச் சொன்ன வாழ்த்து.

இனி நான் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர். ஹஸ்தாய் கிரெஸ்காஸ், சரகோசாவில் வாழ்ந்தவர், அரகோன் அரசவையில் செல்வாக்குள்ளவர். 1391இல் ஸ்பெயின் முழுவதும் யூதர்கள் மீது வெறியாட்டம் நடந்தபோது பார்சலோனாவில் அவருடைய ஒரே மகன் கொல்லப்பட்டான். மணமகனாக இருந்த இளைஞன். குற்றமற்ற ஆட்டுக்குட்டியாகப் பலியிடப்பட்டான் என்று அவிஞ்ஞோன் நகர யூதச் சமூகத்துக்குக் கடிதம் எழுதினார் தந்தை. அதற்குப் பிறகு, 1410இல், தம் பெரிய தத்துவ நூலை முடித்தார். அறிவு ஈட்டியதால் ஆன்மா நிலைக்கிறது என்ற கொள்கையை அதில் தர்க்கத்தாலேயே தகர்க்கிறார். அறிவுதான் நிலைபேறு தரும் என்றால் வடிவியலின் ஓர் உண்மையைச் சரியாகப் புரிந்துகொண்டவருக்கும் கட்டளைகள் எதுவும் இல்லாமலே நித்தியம் கிடைத்துவிட வேண்டும். இறைவனின் பெயருக்காக உயிர்கொடுத்த பாமரருக்கு ஒன்றும் மிஞ்சாது. மரபு சொல்வது இதற்கு நேர்மாறு. ஆன்மா இயல்பிலேயே இறைவனை நோக்கியது. அவரோடு அதைப் பிணைப்பது அன்பு. கட்டளைகளின் நோக்கம் அந்த அன்பை வளர்ப்பது.

இந்த வாதம் ஒரு தந்தையின் துயரத்திலிருந்து மட்டும் பிறந்தது என்று குறுக்கக் கூடாது. அரிஸ்டாட்டிலை அவருடைய சொந்தக் களத்திலேயே எதிர்கொண்ட தர்க்கம் அது. ஆனால் தம் காலத்தில் தெருக்களில் கொல்லப்பட்ட தையற்காரர்களுக்கும் கூடைக்காரிகளுக்கும் இடமில்லாத மறுமையை அவரால் ஏற்க முடியவில்லை என்று நினைக்கிறேன். என் அளவுகோலில் அவர் முந்துவது இதனால்தான். அவர் காட்டும் அண்மை எல்லோருக்கும் எட்டும், இன்று காலையே எட்டும், சாவால் அறுபடாது.

தல்மூதும் அவருக்குத் துணை நிற்கிறது. ரபி பெரோகா ஒரு சந்தையில் எலியா தீர்க்கதரிசியிடம் கேட்கிறார்: இங்கே வரும் உலகுக்கு உரியவர் யாராவது இருக்கிறார்களா? எலியா காட்டுவது ஒரு சிறைக்காவலரை. ஆண் கைதிகளையும் பெண் கைதிகளையும் தனித்தனியே வைத்து, நடுவில் தம் படுக்கையைப் போட்டுக் காவல் காப்பவர். பிறகு இரண்டு விகடகவிகளைக் காட்டுகிறார். துக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைப்பார்கள், சண்டையிடுகிறவர்களைச் சமாதானம் செய்வார்கள். அந்தச் சந்தையில் எந்த அறிஞரையும் எலியா காட்டவில்லை. இன்னோர் இடத்தில் ரபி ஹாமா கேட்கிறார்: இறைவன் எரிக்கும் நெருப்பு என்று எழுதியிருக்கிறதே, அவரை எப்படிப் பின்பற்றுவது? அவர் ஆதாமுக்கு உடை தந்தார், நீயும் உடையற்றவருக்கு உடை கொடு. ஆபிரகாம் நோயுற்றபோது வந்து பார்த்தார், நீயும் போய்ப் பார். ஈசாக்கின் துக்கத்தில் ஆறுதல் சொன்னார், மோசேயை அடக்கம் செய்தார். நீயும் அவற்றைச் செய். கிரெஸ்காஸின் அன்பு கையால் செய்யப்படும்போது இப்படித்தான் இருக்கும்.

மறுபிறப்புக் கொள்கையைச் சுருக்கமாகத் தொடுகிறேன். பத்தாம் நூற்றாண்டில் பாபிலோனியாவின் சாதியா கவோன் இதை அடியோடு மறுத்தார். ஆனால் கபாலா என்ற யூத மறைஞான மரபு இதை ஏற்றது. 16ஆம் நூற்றாண்டில் சபேத் நகரில் ஐசக் லூரியாவும் அவருடைய மாணவர் ஹைய்யிம் விதாலும் இதை விரிவாக வளர்த்தார்கள். ஆன்மா முடிக்காமல் விட்ட கட்டளைகளை முடிக்கவும் பழுதைச் சீர்செய்யவும் மறுபடி பிறக்கிறது. தமிழ் வாசகருக்கு இதுவே எல்லாவற்றிலும் எளிதில் ஒட்டும். அதனாலேயே இதைக் கடைசியில் படியுங்கள் என்பேன். வினைப்பயன் பற்றி நாம் ஏற்கெனவே அறிந்ததையெல்லாம் இதன்மேல் ஏற்றிவிடுவோம். பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதைவிட, உலகத்தையே சீர்செய்யும் பணியில் தன் பங்கை முடிப்பதில்தான் லூரியாவுக்கு அக்கறை. ஒரே ஆன்மாவின் பகுதிகள் பலரிடம் சிதறியிருக்கலாம் என்ற அவர்களின் கருத்தும் நமக்குப் பழக்கமில்லாதது.

1760இல் மறைந்த பால் ஷேம் தோவ் என்ற ஆசானிலிருந்து தொடங்கிய ஹசீதிய பக்தி இயக்கம், அண்மையை நேரடியாக அன்றாடத்துக்குக் கொண்டுவந்தது. உண்பதிலும் உழைப்பிலும் பாட்டிலும் இறைவனைப் பற்றிக்கொள்ளலாம். லியாதியைச் சேர்ந்த ஷ்நேயுர் சல்மான் பரவசத்தில் சொன்னதாக அவருடைய பேரன் பதிவுசெய்த சொற்கள் இவை: உமது சொர்க்கம் எனக்கு வேண்டாம், உமது வரும் உலகம் வேண்டாம், நீர் மட்டும்தான் வேண்டும். 73ஆம் சங்கீதக்காரரின் குரலே மறுபடி ஒலிப்பதாக எனக்குக் கேட்கிறது. இந்த வழியில் எனக்குள்ள ஒரே தயக்கம், எளிய பக்தர் பெரும்பாலும் தம் குருவைப் பற்றிக்கொண்டே இறைவனை அடைகிறார் என்பது. குரு நல்லவராக அமைவது எல்லோர் கையிலும் இல்லை. இதற்கு எதிர்முகாமில் நின்ற வொலோஷினின் ஹைய்யிம், பரவசம் தேவையில்லை, தோராவைக் கற்பதே பற்றுதல் என்றார். ஒவ்வொருவருடைய வரும் உலகமும் அவரவர் செயல்களால் ஆனது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது கருத்து ஆழமானது. முதலாவது மறுபடியும் நம்மைப் படித்தவர்களின் கூடத்துக்கே அழைத்துப்போகிறது.

நவீன காலத்தில், 1885இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த ரபிகள் உடல் உயிர்த்தெழுதலையும் நித்திய நரகத்தையும் கைவிட்டு, ஆன்மாவின் அழியாமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2007இல் வந்த அந்த இயக்கத்தின் பிரார்த்தனை நூல், இறந்தோரை உயிர்ப்பிப்பவர் என்ற பழைய சொற்களை விரும்புவோர் சொல்லலாம் என்று திரும்பக் கொண்டுவந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தச் சொற்களை மக்களின் மனம் விட்டுவிடவில்லை. ஜெர்மானியத் தத்துவவாதி ஹெர்மான் கோஹன் அந்த 73ஆம் சங்கீத வரியைத் தம் சிந்தனையின் நடுவில் வைத்து, மனிதன் இறைவனோடு ஒன்றாவதில்லை, முடிவில்லாமல் அண்மிக்கொண்டே இருக்கிறான் என்றார். அத்வைதம் பழகிய வாசகருக்கு இந்த வேறுபாடு பயனுள்ளது. யூத மரபின் பெரும்பகுதியில் அண்மை என்பது இருவர் இருக்கும் நிலை.

யூதரல்லாத நமக்கு இதில் இடம் உண்டா என்ற கேள்வியும் வரும். வேற்றினத்து நீதிமான்களுக்கும் வரும் உலகில் பங்கு உண்டு என்ற ரபி யோசுவாவின் கருத்தை மைமோனிடிஸ் சட்டமாகவே எழுதிவைத்தார்.

துக்கத்தில் இருப்பவர் நக்மானிடிஸைப் பற்றிக்கொள்ளட்டும். தத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரோடு கத்தீஷ் பிரார்த்தனையும் வேண்டும். கெஹின்னோம் என்ற நரகத்தில் தீயவர்களுக்கான தண்டனைகூடப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் போகாது என்பது ரபி அகிவாவின் கருத்து. அதனால் பிள்ளைகள் பதினோரு மாதங்கள் மட்டும் கத்தீஷ் சொல்வது வழக்கம். பன்னிரண்டையும் நிறைத்தால் தம் பெற்றோரைத் தீயவர் பட்டியலில் சேர்த்ததாகிவிடும். அந்தப் பிரார்த்தனையில் சாவு பற்றி ஒரு சொல்லும் கிடையாது, இறைவனின் பெயரைப் போற்றுவது மட்டுமே இருக்கிறது. அதைச் சொல்லப் பத்துப் பேர் கூட வேண்டும். இழந்தவரைத் தனியாக விடாத ஏற்பாடு அது.

பரிசுக்காகச் செய்யும் பக்தியில் சலிப்புற்றவருக்கு மைமோனிடிஸ்தான் மருந்து. அவருடைய சட்டத்தொகுப்பில் மனந்திரும்புதல் பற்றிய பகுதியின் எட்டு முதல் பத்து வரையான அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்துவிடலாம். பத்தாவதில் காதல் நோயுற்றவரின் மனம் காதலியையே சுற்றுவதுபோல இறைவனை நேசிக்க வேண்டும் என்கிறார். அத்தியாயம் முடியும் இடத்தில் அறிவு எவ்வளவோ அன்பும் அவ்வளவே என்று எழுதுகிறார். அங்கே நூலை மூடிவைத்துவிட்டு, இந்த வாக்கியத்தை ஏற்கிறோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்க முடிந்தால் அவருடனேயே தொடரலாம், தடுமாறினால் அடுத்து எடுக்க வேண்டியது கிரெஸ்காஸ்.